புழுக்கத்துக்கான ஆங்கிலச் சொற்கள்: பட்டியலா, வானிலை அறிக்கையா?

ஈரமும் கசகசப்பும் கலந்த வானிலைக்குரிய ஆங்கிலச் சொற்களைப் பட்டியலிலிருந்து மனப்பாடம் செய்யலாம். வானிலை அறிக்கைகளைத் தொடர்ந்து படித்தும் பழகலாம். தேர்வு நெருங்கிவிட்டவருக்குப் பட்டியலே விரைவான வழி என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் ஹியூமிட், மக்கி, கிளாமி, டேம்ப் ஆகிய நான்கையும் அது ஒரே வரிசையில் நிறுத்தி, ஒன்றுக்கு மற்றொன்று மாற்று என்பதுபோல் காட்டிவிடுகிறது. உண்மையில் ஹியூமிட் பொதுவாகக் காற்றிலுள்ள ஈரப்பதத்தையும், டேம்ப் பெரும்பாலும் குளிர்ந்த ஈரத்தையும், மக்கி வெப்பத்தோடு சேர்ந்த புழுக்கத்தையும், கிளாமி வியர்வையில் பிசுபிசுத்த உள்ளங்கையின் தொடுவுணர்வையும் குறிக்கும்.

அறிக்கைகளோ சொல்லை அளவோடு சேர்த்துத் தருவதால், எழுதவும் பேசவும் விரும்புவோருக்கு அவற்றையே பரிந்துரைப்பேன். காற்றிலுள்ள நீராவி பனித்துளியாகத் தொடங்கும் வெப்பநிலையான பனிநிலை 55 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருந்தால் உலர்ந்த, இதமான காற்று என்றும், 55 முதல் 65 வரை 'ஸ்டிக்கி' (பிசுபிசுப்பு) என்றும், அப்போது மாலைகள் 'மக்கி' என்றும், 65-க்கு மேல் 'ஒப்ரெசிவ்' (திணறவைக்கும் புழுக்கம்) என்றும் அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவை விளக்குகிறது. சென்னைக் கோடை அந்த எல்லையை எளிதில் தாண்டிவிடும் என்பது வேறு கதை.