ஆக்னஸ் மார்ட்டினும் நஸ்ரீன் மொஹமதியும்: தாளில் இரண்டு விதக் கோடுகள்

கனடாவில் 1912-இல் பிறந்து அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் நெடுங்காலம் வாழ்ந்து 2004-இல் மறைந்த ஓவியர் ஆக்னஸ் மார்ட்டினையும், கராச்சியில் 1937-இல் பிறந்து பரோடாவில் ஓவியம் கற்பித்து 1990-இல் மறைந்த நஸ்ரீன் மொஹமதியையும், இருவரும் கோடுகளை நம்பியவர்கள் என்பதால் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். தாளை நெருங்கிப் பார்த்தால் அந்த ஒற்றுமை தளர்ந்துவிடுகிறது.

மார்ட்டினின் தாள் ஓவியங்களில் சதுரத்துக்குள் கட்டங்களோ கிடைப்பட்டைகளோ வெளிறிய நீர்வண்ணத்தோடு அமைகின்றன. அளவுகோலை வைத்து இழுத்த கோடுதான் என்றாலும், தாளின் சொரசொரப்பில் பென்சில் ஏறி இறங்கும் இடங்களில் அது மெல்ல நடுங்குகிறது. அந்த நடுக்கத்தை அவர் மறைக்கவில்லை; படத்தின் கனிவே அதில்தான் இருக்கிறது.

நஸ்ரீன் தம் முதிர்ந்த படைப்புகளில் வண்ணத்தை விட்டுவிட்டு, பொறியியல் வரைபடக் கருவிகளைக் கொண்டு மையாலும் பென்சிலாலும் வரைந்தார். எழுபதுகளில் தறியின் பாவுபோல நெருங்கி ஓடிய கோடுகள், பின்னாளில் சாய்ந்து, தாளின் பெரும்பகுதியை வெறுமையாக விட்டு விரைகின்றன. அடர்ந்து தொடங்கும் ஒரு கோடு மெலிந்து மறையும்போது, தட்டையான தாளுக்குள் ஆழம் திறக்கிறது. உடலியக்கத்தைத் தளர்த்திய நரம்பு நோயோடு போராடிக்கொண்டே இந்தத் துல்லியத்தை அவர் எட்டினார் என்பது இன்றும் என்னை நெகிழ வைக்கிறது.

மார்ட்டினின் முழு வீச்சை அறிய ஆறடிச் சதுரக் கித்தான்கள் முன் நிற்க வேண்டும். நஸ்ரீனோ தம் முழு ஆற்றலையும் தாளிலேயே செலவிட்டார். தாள் ஓவியம் என்ற அளவில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், தயக்கமின்றி நஸ்ரீனையே சொல்வேன்.