கெக் (பீர் பீப்பாய்) ஃப்ரிட்ஜில் குளிர் சரியில்லையா? தெர்மோஸ்டாட்டா, வெளிக் கண்ட்ரோலரா, சின்ன ஃபேனா

முதல் கிளாஸ் முழுக்க நுரை, இரண்டாவது பரவாயில்லை, மூன்றாவது ஒழுங்காக வருகிறதா? அப்படியென்றால் குளிரைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டில் கை வைக்காதீர்கள். கெக் குளிராகத்தான் இருக்கிறது, மேலே பீர்க் குழாய் வைத்த தூணுக்குள், அதாவது டவருக்குள், தேங்கி நிற்கும் பீர்தான் சூடேறி கார்பன் டை ஆக்சைடைக் கக்குகிறது. இது தெரியாமல் நான் தெர்மோஸ்டாட்டை மாற்றிவிட்டு, அதே நுரையை மறுபடியும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதனால் முதலில் அளந்து பாருங்கள். உள்ளே காற்றில் தொங்கும் தெர்மாமீட்டரை நம்ப வேண்டாம், கதவைத் திறந்தாலே அது எகிறிவிடும். இரண்டு கிளாஸ் பிடித்துவிட்டு மூன்றாவதில் தெர்மாமீட்டரை வையுங்கள். 3, 4 டிகிரி செல்சியஸ் காட்டினால் ஃப்ரிட்ஜ் மேல் குற்றமில்லை. புதிதாக வைத்த 19 லிட்டர் கெக் என்றால் ஒரு நாளாவது பொறுங்கள், அவ்வளவு திரவம் ஒரு மணி நேரத்தில் குளிராது.

டவர்தான் பிரச்சினை என்றால் ஃபேன் போதும். கம்ப்யூட்டருக்குள் ஓடுகிற 12 வோல்ட் ஃபேனை ஒரு டப்பாவில் பொருத்தி, அதிலிருந்து ஒரு குழாயை டவரின் உச்சி வரை ஏற்றிவிட்டால் கீழ்க்காற்று மேலே போய்த் திரும்பும். மேலுக்கும் கீழுக்கும் உள்ள வித்தியாசமும் குறையும். மூன்றில் இதுதான் மலிவு.

மூன்றாவது கிளாஸும் சூடு, அல்லது பீர் உறைகிறது என்றால்தான் தெர்மோஸ்டாட் பக்கம் போகணும். குமிழ் வைத்த பழைய வகையில் வாயு அடைத்த மெல்லிய செப்புக் குழாய் ஒன்று இருக்கும். வாயு கசிந்தால் அது 'குளிர்ந்துவிட்டது' என்று நினைத்து கம்ப்ரசரை ஓடவே விடாது. உள்ளே மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் கான்டாக்ட் ஒட்டிக்கொண்டால் நேர்மாறு, நிற்காமல் ஓடும். மாற்றுவது எளிது. ஆனால் புதியதிலும் குளிர் பழையதைப் போலவே ஏறி இறங்கும்.

என் ஓட்டு வெளிக் கண்ட்ரோலருக்கு. சுவர் பிளக்குக்கும் ஃப்ரிட்ஜுக்கும் நடுவே உட்கார்ந்து, ஃப்ரிட்ஜுக்குள் வைக்கும் தன் சென்சார் காட்டும் குளிரைப் பார்த்து மின்சாரத்தை விட்டு விட்டுக் கொடுப்பதுதான் அதன் வேலை. ஃப்ரிட்ஜின் சொந்தக் குமிழை அதிகபட்சக் குளிரில் வைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் இரண்டும் சண்டை போடும். ஃப்ரீசரைக் கெக் வைக்க மாற்றியவர்களுக்கு இது இல்லாமல் ஆகாது. டிஜிட்டல் போர்டு உள்ள ஃப்ரிட்ஜ்களோடு மட்டும் கவனம்: மின்சாரம் போய் வந்ததும் சில போர்டுகள் பழைய செட்டிங்கை மறந்துவிடும்.

கண்ட்ரோலரின் வெற்றி தோல்வி சென்சாரை எங்கே வைக்கிறோம் என்பதில்தான். காற்றில் தொங்கவிட்டால் கதவு திறக்கும்போதெல்லாம் கம்ப்ரசர் துள்ளும். கெக்கின் அடிப்பாகத்தில் டேப்பால் ஒட்டி, மேலே ஒரு துண்டு ஸ்பாஞ்சால் மூடுங்கள், பீர் குறைந்தாலும் அந்த இடத்தில் உள்ளே பீர் இருந்துகொண்டே இருக்கும். அங்கே கம்ப்ரசர் ஓடுவதற்கும் நிற்பதற்கும் நடுவே ஒரு டிகிரி இடைவெளி போதும், நின்ற கம்ப்ரசர் மறுபடி ஓடும் வரையான தாமதத்தை மட்டும் 3 நிமிடத்துக்குக் குறைக்காதீர்கள். இதிலும் ஒரு வம்பு உண்டு: சூடான புது கெக்கில் சென்சாரை ஒட்டினால், அது குளிர்வதற்குள் பக்கத்தில் இருக்கும் பழைய கெக் உறையும் அளவுக்குக் காற்று சில்லிட்டுவிடும். அந்த ஒரு நாள் மட்டும் பழைய கெக்கிலேயே சென்சார் இருக்கட்டும்.

எதையும் வாங்கும் முன் ஒரு பேப்பரைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள், சுலபமாக வந்தால் ரப்பர்தான் தளர்ந்திருக்கிறது. பின்பக்கக் கம்பிச்சுருளில் தூசி படிந்திருந்தால் தட்டுங்கள். சில நிமிடத்துக்கு ஒருமுறை 'டிக்' சத்தம் மட்டும் வந்து கம்ப்ரசர் உறுமாமல் அடங்கினால், கம்ப்ரசரைக் கிளப்பிவிடும் ஸ்டார்ட் ரிலேயோ கம்ப்ரசரோதான் கோளாறு. அதற்கு மெக்கானிக்கைத்தான் கூப்பிடணும்.