பார்டர் தாண்ட வாடகைக்கு எடுத்த ஆர்.வி: வண்டிக்கு நாலு ஸ்டார், பேப்பருக்கு ரெண்டு

முதல்லயே சொல்லிடுறேன், இது டெட்ராய்ட் பக்கத்துல இருக்கற ஒரு சின்ன ஆர்.வி. (உள்ளயே பெட், கிச்சன் எல்லாம் இருக்கற வண்டி) வாடகை கம்பெனி பத்தின ரிவ்யூ, பேர் போடப்போறதில்ல, ஏன்னா இதுல பாராட்டும் இருக்கு திட்டும் இருக்கு. மிச்சிகன்ல இருந்து கனடாவுக்கு வாடகை ஆர்.வி. எடுத்துட்டு போகலாம்னு யோசிக்கற நம்மாளுங்களுக்கு உதவுமேன்னுதான் எழுதறேன். நாங்க புக் பண்றதுக்கு முன்னாடி தேடினப்ப கிடைச்சதெல்லாம் பெட் சாஃப்ட்டா இருந்துச்சு, கிச்சன் க்யூட்டா இருந்துச்சுங்கற ரகம்தான், பார்டர் அன்னைக்கு அந்த வண்டி எப்படி நடந்துக்கும், கம்பெனிக்காரன் என்ன பேப்பர் குடுப்பான், இதை ஒருத்தரும் வாயே திறக்கல.

வண்டி ஆர்.வி.ல கிளாஸ் சி-ங்கற ரகம், 25 அடி நீளம், ஃபோர்டு ஈ-450 மேல கட்டினது, 7.3 லிட்டர் வி8 இன்ஜின். டிரைவர் தலைக்கு மேல ஒரு பெட், பின்னாடி ஒரு பெட், நடுவுல டைனிங் டேபிள், எனக்கும் எங்க வீட்டுக்காரருக்கும் இது தாராளம். இன்ஜின்ல குறையே சொல்ல முடியாது, ஏசி சும்மா ஜில்லுன்னு இருந்துச்சு, மெத்தை புதுசு, ஃப்ரிட்ஜ் கேஸ்லயும் ஓடும் கரண்ட்லயும் ஓடும். ஆனா பெட்ரோல் குடிக்குது பாருங்க, கேலனுக்கு எட்டு மைல், காத்து எதிர்ல அடிச்சா அதுவும் இல்ல. டேங்க் 55 கேலன், அதனால பார்டருக்கு இந்தப் பக்கம் மிச்சிகன்ல இருக்கற போர்ட் ஹ்யூரான்லயே ஃபுல் பண்ணிக்கோங்க, அந்தப் பக்கம் போனா லிட்டர் கணக்கு, விலையும் ஜாஸ்தி. ஓடும்போது உள்ள வர்ற சத்தம் இருக்கே, கல்யாண மண்டபத்துல பந்தி முடிஞ்சு பாத்திரம் கழுவற மாதிரி, ஒரு கப்போர்டு விடாம எல்லாம் ஆடுது. தட்டுக்கு நடுவுல துண்டு வச்சு, டம்ளருக்குள்ள சாக்ஸ் சொருகி ஒருவழியா அடக்கினேன்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். கார்ல பார்டர் தாண்டறதும் ஆர்.வி.ல தாண்டறதும் ஒண்ணு இல்ல. கார்ல நீங்க மட்டும் போறீங்க, இதுல உங்க ஃப்ரிட்ஜ், அடுப்பு, அஞ்சறைப்பெட்டி, துணி அலமாரி, வெளிய இருக்கற லாக்கர் எல்லாமே கூட வருது, ஆபீசர் ஏறி வந்து எதை வேணா திறந்து பார்க்கலாம். அதுவும் வாடகை வண்டின்னா உங்களுக்கு முன்னாடி எவனோ அதுல குடும்பம் நடத்திட்டு போயிருக்கான், அவன் விட்டுட்டு போனதுக்கும் அந்த நேரத்துல நீங்கதான் பதில் சொல்லணும்.

பார்டர் பாலத்தைத் தாண்டறதுக்கு முந்தின ராத்திரி போர்ட் ஹ்யூரானுக்கு வடக்க ஏரிக்கரையில ஒரு கேம்ப்கிரவுண்ட்ல தங்கினோம். காலையில கிளம்பறதுக்கு முன்னாடி எல்லா லாக்கரையும் ஒரு வாட்டி திறந்து பார்த்துடலாம்னு நான் இறங்கினேன், இவர் "ஏம்மா, கம்பெனிக்காரன்தான் செக் பண்ணி குடுத்தானே"ன்னு காபிய உறிஞ்சிக்கிட்டு நிக்கறார். பின்பக்கம் வலது ஓரத்துல இருக்கற லாக்கர்ல, தண்ணி ஹோசுக்கு பின்னாடி, பாதி கட்டு விறகும் பட்டையோட ஒரு நாலஞ்சு கட்டையும் கிடக்குது. அது பக்கத்துலயே சாவிக்கொத்துல மாட்டற சைஸ்ல ஒரு பெப்பர் ஸ்ப்ரே. ரெண்டும் எங்களது இல்ல. கம்பெனிக்காரர் முந்தின நாள் வண்டிய சுத்திக் காட்டினப்ப அந்த லாக்கரைத் தட்டி "ஸ்டோரேஜ்"னு சொன்னதோட சரி, திறக்கல.

தெரியாதவங்களுக்கு சொல்றேன், அமெரிக்காவுல இருந்து கனடாவுக்கு சும்மா விறகு எடுத்துட்டு போக முடியாது, அங்க இருந்து இங்கயும் அதே கதைதான். காரணம் பூச்சி. எமரால்டு ஆஷ் போரர்னு பச்சை கலர்ல மினுமினுன்னு ஒரு வண்டு, ஆசியாவுல இருந்து வந்தது, வட அமெரிக்காவுல முதல் முதலா 2002ல கண்டுபிடிச்சதே இந்த டெட்ராய்ட் ஏரியாவுலதான், அதே வருஷம் ஆத்துக்கு அந்தப் பக்கம் கனடாவோட விண்ட்சர்லயும் பார்த்துட்டாங்க. அதோட புழு பட்டைக்கு அடியில சுரங்கம் தோண்டி மரத்தையே காய வச்சிடும், கோடிக்கணக்குல ஆஷ் மரம் செத்துப்போச்சு, அது ஊர் விட்டு ஊர் பரவுனதுல பெரிய பங்கு கேம்ப்பிங் போறவங்க தூக்கிட்டு போற விறகுக்குத்தான். மிச்சிகன்ல வாடகை விடற கம்பெனிக்கு இது தெரியாம இருக்குமா சொல்லுங்க. பெப்பர் ஸ்ப்ரே அதை விட மோசம், மனுஷங்க மேல அடிக்கறதுக்குன்னு செஞ்சது கனடாவுல தடை செஞ்ச ஆயுதம் லிஸ்ட்லயே வருது. விறகை பக்கத்து சைட் தாத்தா சந்தோஷமா வாங்கிக்கிட்டார், ஸ்ப்ரேவ பார்க் ஆபீஸ்ல குடுத்துட்டோம்.

அத்தோட விடுவேனா, கம்பெனி குடுத்த பேப்பர் ஃபைலையும் எடுத்து உட்கார்ந்தேன். வாடகை வண்டி எடுத்துட்டு போனா வாடகை ஒப்பந்தம், ரெஜிஸ்ட்ரேஷன், கனடாவுல செல்லுபடியாகற இன்சூரன்ஸ் அட்டை, அப்புறம் "இந்த வண்டிய இவங்க பார்டர் தாண்டி எடுத்துட்டு போக நாங்க சம்மதிக்கறோம்"னு ஓனர் குடுக்கற லெட்டர், இவ்வளவும் கையில இருக்கணும். லெட்டர் இருந்துச்சு, லெட்டர்பேட் எல்லாம் ஜோராதான் இருந்துச்சு, ஆனா வண்டி நம்பர்ல கடைசி எழுத்து தப்பு. பின்னாடி போய் பிளேட்டைப் பார்த்துட்டு வந்து திரும்பவும் படிச்சேன், தப்புதான். ஹெல்ப்லைனுக்கு போன் போட்டா, இது நிஜமாவே பாராட்டணும், ரெண்டாவது ரிங்ல எடுத்தாங்க, சாரி கேட்டாங்க, அரை மணி நேரத்துல திருத்தின லெட்டர் மெயில்ல வந்துடுச்சு. பிரிண்ட் எடுக்க மறுபடியும் பார்க் ஆபீஸ் பொண்ணுகிட்டதான் போய் நின்னேன், என்னைப் பார்த்ததும் இப்ப என்ன கொண்டு வந்திருக்காளோன்னு ஒரு பார்வை பார்த்துச்சு.

சாப்பாடு பத்தி ஒரு வார்த்தை. பறவைக் காய்ச்சலால சிக்கன், முட்டைக்கெல்லாம் கனடாவுல கெடுபிடி, கடையில வாங்கின பாக்கெட்டா அமெரிக்கா சரக்குன்னு லேபிளோட இருக்கணும், வீட்டுல செஞ்சதுன்னா வம்பு. அதனால பிரியாணி கேன்சல், புளியோதரை, தயிர் சாதம், முறுக்கு. பீர் ஆளுக்கு 24 கேன், அதாவது 8.5 லிட்டர் வரைக்கும் வரி கிடையாது, இவர் 12 கேனோட நிறுத்திக்கிட்டார். கஞ்சா ரெண்டு பக்கமும் கடையில விக்குதேன்னு எடுத்துட்டு போயிடாதீங்க, பார்டர்ல அது குத்தம்தான்.

பாலம் ப்ளூ வாட்டர் பிரிட்ஜ். டெட்ராய்ட்-விண்ட்சர் டனல் பக்கம் இந்த வண்டியோட தலை வச்சும் படுக்கல, டெட்ராய்ட்ல அந்த 1929 காலத்து அம்பாசடர் பாலத்துல லாரிக் கூட்டத்துக்கு நடுவுல போகவும் தெம்பு இல்ல. போர்ட் ஹ்யூரான்ல ரெட்டைப் பாலம், ஒண்ணு 1938ல திறந்தது, இன்னொண்ணு 1997ல. கீழ செயின்ட் கிளேர் ஆறு, பெரிய சரக்குக் கப்பலே அடியில போற அளவுக்கு உயரம், அந்த உயரத்துல பக்கவாட்டுல காத்து அடிச்சா இந்த வண்டி லேசா தள்ளும், இவர் ஸ்டீயரிங்கை ரெண்டு கையால இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு "பேசாத, பேசாத"ங்கறார், நான் பேசவே இல்ல.

கனடா பக்கம் பூத்துல எங்க பாஸ்போர்ட்டும் கிரீன் கார்டும் வாங்கினாங்க. கிரீன் கார்டு இருக்கறவங்களுக்கு 2022 ஏப்ரல்ல இருந்து ஈ.டி.ஏ.ங்கற ஆன்லைன் பயண அனுமதி கூட வேணாம், எச்1பி வேலை விசாவுல இருக்கற இந்தியன் பாஸ்போர்ட்காரங்களுக்கு கனடா விசா வேணும், கடைசி நேரத்துல முழிக்காதீங்க. வண்டி யாருதுன்னு கேட்டதும் லெட்டரைக் குடுத்தோம், பூத்துல இருந்த ஆபீசரம்மா எட்டி நம்பர் பிளேட்டைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தா ஒத்துப் பார்த்தாங்க. நான் இவர் தொடையில ஒரு கிள்ளு கிள்ளினேன். துப்பாக்கி இருக்கா, விறகு இருக்கா, பழம் காய்கறி இறைச்சி என்ன இருக்குன்னு வரிசையா கேட்டுட்டு ஓரமா நிறுத்தச் சொன்னாங்க. ரெண்டு பேர் வந்தாங்க, ஒருத்தர் உள்ள, ஒருத்தர் வெளிய. உள்ள வந்தவர் ஃப்ரிட்ஜைத் திறந்து புளிக்காய்ச்சல் பாட்டிலை எடுத்து வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு சாய்ச்சு சாய்ச்சு பார்க்கறார், எண்ணெய் மெதுவா ஒதுங்குது, அடியில கடலைப்பருப்பு நகருது, இது என்னன்னு கேட்டார். புளி சாஸ், சோத்துல பிசையறதுன்னேன். மூடியத் திறந்து ஒரு மோப்பம் புடிச்சுட்டு புருவத்தைத் தூக்கிட்டு வச்சிட்டார். வெளிய இருந்தவர் சரியா அந்த வலது பக்க லாக்கரைத்தான் முதல்ல திறந்தார், தண்ணி ஹோசைத் தூக்கி பின்னாடி டார்ச் அடிச்சுப் பார்த்தார். கால் மணி நேரத்துல போகச் சொல்லிட்டாங்க, மரியாதையாத்தான் நடந்துக்கிட்டாங்க, அதையும் சொல்லணும்.

அந்தப் பக்கம் இறங்கினதும் பாயிண்ட் எட்வர்டுல பாலத்துக்கு அடியிலயே சிப்ஸ் வண்டிங்க நிக்கும், பக்கத்து ஊர் சார்னியா ஆளுங்களுக்கு அது கோயில். உருளைக்கிழங்கை அங்கயே வறுத்து மேல உப்பும் வினிகரும் ஊத்தி குடுக்கறாங்க, தலைக்கு மேல லாரி ஓடற சத்தம், எதிர்ல கப்பல், தனி ரிவ்யூவே எழுதலாம். அப்புறம் 402ம் நம்பர் ஹைவே. ஸ்பீடாமீட்டர்ல மைல்தான் பெருசா இருக்கும், கிலோமீட்டர் உள்ள பொடி எழுத்துல, அங்க 110 வரைக்கும் போகலாம்னாலும் இந்த வண்டிக்கு 95-தான் அழகு. 21ம் நம்பர் ரோடு பிடிச்சு கிராண்ட் பெண்ட் பக்கத்துல பைனரி பார்க் போய் சேர்ந்தோம், விறகு அங்கயே விக்கறாங்க.

திரும்பி வர்றவங்களுக்கு ஒண்ணு, டொராண்டோ ஸ்கார்பரோ தமிழ்க் கடையில பச்சுன்னு கறிவேப்பிலை பார்த்து கை துறுதுறுங்கும், வேணாம், எலுமிச்சை ஆரஞ்சு மரத்தைக் கொல்ற நோயைப் பரப்பற பூச்சி அதுல வருதுன்னு அமெரிக்கா பக்கம் விட மாட்டாங்க.

கம்பெனிகிட்ட இதெல்லாம் சொன்னேன், லாக்கரை இனிமே திறந்து காட்டறோம்னாங்க, பார்ப்போம். பார்டர் தாண்டாம மிச்சிகனுக்குள்ளயே சுத்தறதுன்னா கண்ணை மூடிக்கிட்டு எடுக்கலாம். தாண்டறதுன்னா லெட்டரை நாலு நாள் முன்னாடியே மெயில்ல கேட்டு வாங்குங்க, நம்பரை நீங்களே ஒத்துப் பாருங்க, சாவி வாங்கற அன்னைக்கு அவங்க முன்னாடியே ஒரு லாக்கர் விடாம திறங்க. டெபாசிட்ல 75 டாலர் பிடிச்சாங்க, கழிவு டேங்க் காலி பண்ணலையாம், அந்த மீட்டர் காலி பண்ணின பிறகும் முக்கால்னுதான் காட்டுது, நான் டம்ப் பண்ணும்போது எடுத்த வீடியோவ அனுப்பினதும் மறுநாளே திருப்பிப் போட்டுட்டாங்க.