டேடோனா, கிப்ளி, எஸ்படா: தூரப் பயணத்துக்கு எந்த இத்தாலிய கார்?

ஃபெராரி டேடோனா, மசராட்டி கிப்ளி, லம்போர்கினி எஸ்படா. மூன்றும் 1960களின் பிற்பகுதியில் வந்தவை, மூன்றும் எமிலியா-ரோமாஞா பகுதியில் பிறந்தவை. மொடேனா நகரில் மசராட்டி, அதற்குத் தெற்கே மரனெல்லோவில் ஃபெராரி, கிழக்கே சாண்டாகத்தா போலோனீசேயில் லம்போர்கினி. ஒரே காலைப்பொழுதில் மூன்று தொழிற்சாலை வாசலையும் பார்த்துவிட்டு வந்துவிடலாம், அவ்வளவு பக்கம். இந்த மூன்றையும் ஒப்பிடும்போது எல்லோரும் குதிரைத்திறனையும் உச்ச வேகத்தையும் வரிசையாகப் போட்டு டேடோனாவுக்கு மாலை போட்டுவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. காரின் பெயரிலேயே "கிரான் டூரிஸ்மோ", அதாவது நெடும்பயணம் என்று இருக்கும்போது, எவ்வளவு வேகம் என்பதோடு, எத்தனை பேர், எத்தனை பெட்டி, இறங்கும்போது முதுகு என்ன நிலையில் இருக்கும் என்பதையும் கேட்க வேண்டாமா?

பரீட்சைக்குத் தோதான சாலை ஒன்று இத்தாலியிலேயே இருக்கிறது. மிலானையும் நேப்பிள்ஸையும் இணைக்கும் ஆட்டோஸ்ட்ராடா டெல் சோலே, சூரிய நெடுஞ்சாலை. 1956இல் வேலை தொடங்கி 1964 அக்டோபரில் முழுதாகத் திறந்தார்கள், சுமார் 760 கிலோமீட்டர். பொலோன்யாவுக்கும் ஃப்ளாரன்ஸுக்கும் நடுவே அப்பென்னைன் மலையைச் சுரங்கங்களும் பாலங்களுமாகக் கடந்து போகும். காலையில் மிலானில் காபி குடித்துவிட்டுக் கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் நேப்பிள்ஸ் போய்ச் சேரலாம் என்ற நிலைமை வந்த பிறகுதான் இந்த வகைக் காருக்கு ஒரு நிஜமான வேலை கிடைத்தது.

வகை அதற்கு முன்பே இருந்தது. ஆல்ஃபா ரோமியோ 1930 வாக்கிலேயே தன் 6சி 1750 காரின் ஒரு வடிவத்துக்கு "கிரான் டூரிஸ்மோ" என்று பெயர் வைத்துவிட்டது. ஆனால் இன்று நாம் ஜிடி, அதாவது கிரான் டூரிஸ்மோவின் சுருக்கம், என்று சொன்னதும் மனசில் வரும் உருவம், அந்தச் சரிந்த கூரை, நீண்ட மூக்கு, பின்னால் பெட்டி வைக்க இடம், இதெல்லாம் சேர்ந்து வந்தது 1951இன் லான்சியா அவுரேலியா பி20இல்தான். தொடர் உற்பத்திக்குப் போன முதல் வி6 இன்ஜின், அதாவது ஆறு சிலிண்டரை V எழுத்து வடிவில் இரண்டு வரிசையாக வைத்தது, அவுரேலியா வரிசையில்தான் வந்தது, கியர்பாக்ஸைப் பின் அச்சோடு சேர்த்து எடையைச் சமன் செய்திருந்தார்கள். ஜொவானி பிராக்கோ அதே வருஷம் மில்லே மிலியா பந்தயத்தில் இந்த இரண்டு லிட்டர் காரோடு போய் ஒட்டுமொத்தமாக இரண்டாவது வந்தார். முன்னால் வந்தது 4.1 லிட்டர் ஃபெராரி. இன்ஜின் அளவில் பாதிகூட இல்லாத கார், அதுவும் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போகக்கூடிய கார்! இந்தப் பஞ்சாயத்தில் அவுரேலியாவையும் சேர்த்தால் மற்ற மூன்றும் வெட்கப்பட்டுப் போகும் என்பதால் அதை ஒதுக்கி வைக்கிறேன்.

சரி, மூன்று கார்களுக்கு வருவோம். இவற்றின் குணத்தைப் புரிந்துகொள்ள ஒரே கேள்வி போதும் என்று நினைக்கிறேன்: அந்தக் கம்பெனிக்கும் பந்தயத்துக்கும் என்ன உறவு?

என்ஸோ ஃபெராரிக்குப் பந்தயம்தான் வாழ்க்கை. சாலைக் கார் விற்றது அந்தச் செலவுக்குப் பணம் வேண்டி. மசராட்டி கதை வேறு. 1957இல் அர்ஜென்டினா ஓட்டுநர் ஃபாஞ்சியோ அவர்களுடைய 250எஃப் பந்தயக் காரில் உலக சாம்பியன் ஆனார். அதே வருஷக் கடைசியில் வெனிசுவேலாவின் கராகஸ் பந்தயத்தில் அவர்களுடைய கார்கள் அடுத்தடுத்து நொறுங்கின. முதலாளி ஓர்சி குடும்பம் ஏற்கெனவே அர்ஜென்டினாவுக்கு விற்ற இயந்திரங்களுக்குப் பணம் வராமல் கடனில் இருந்தது. பந்தயக் குழுவை மூடினார்கள். கம்பெனியைக் காப்பாற்றியது அந்த வருஷம் ஜெனீவாவில் காட்டியிருந்த 3500 ஜிடி. ஜூலியோ அல்ஃபியேரி வடிவமைத்த ஆறு சிலிண்டர் இன்ஜின், டூரிங் கம்பெனி செய்த பாடி, மற்றதெல்லாம் கடை சாமான்: ஜெர்மனியின் இசட்எஃப் கியர்பாக்ஸ், இங்கிலாந்தின் கெர்லிங் பிரேக், சாலிஸ்பரி பின் அச்சு. எல்லாவற்றையும் நாமே செய்ய வேண்டும் என்ற வீம்பு பார்க்காமல் நல்லதாகப் பார்த்து வாங்கிப் பொருத்தினார்கள். 1964 வரை இரண்டாயிரத்துக்கும் மேல் விற்றது. பந்தயத்தில் பேர் வாங்கி நொடித்துப்போன குடும்பம் வியாபாரம் பண்ணிப் பிழைத்துக்கொண்டதைப் போல.

லம்போர்கினி? பந்தயமே கிடையாது. டிராக்டர் விற்றுப் பணக்காரரான ஃபெருச்சோ லம்போர்கினி, தன் ஃபெராரியின் கிளட்ச் சரியில்லை என்று என்ஸோவிடம் போய்ச் சொன்னதாகவும், டிராக்டர் ஓட்டுகிறவருக்கு ஃபெராரி ஓட்டத் தெரியவில்லை என்கிற மாதிரி பதில் வந்ததாகவும் ஒரு கதை உண்டு. அதில் எவ்வளவு மசாலா சேர்ந்திருக்கிறதோ, போகட்டும். 1963இல் கம்பெனி தொடங்கினார், அந்த வருஷ டூரின் கண்காட்சியில் வைத்த காரில் இன்ஜின் பானெட்டுக்குள் அடங்காததால் பானெட்டைத் திறக்காமலே சமாளித்தார்கள், அடுத்த வருஷமே 350 ஜிடி சாலைக்கு வந்துவிட்டது. முக்கியமானது என்னவென்றால், பந்தயத்தில் இறங்கக்கூடாது என்று அவர் உறுதியாக இருந்தார். அவரிடம் வேலை பார்த்த இளைஞர்களுக்கு அது பெரிய மனக்குறை.

ஆக ஒருவர் பந்தயத்துக்காகக் கார் விற்றவர், ஒருவர் பந்தயத்தை விட்டுவிட்டுக் கார் விற்றவர், ஒருவர் பந்தயப் பக்கமே போகாதவர். இப்போது கார்களைப் பாருங்கள், அப்படியே பொருந்தும்.

டேடோனா 1968 பாரிஸ் கண்காட்சியில் வந்தது. முறையான பெயர் 365 ஜிடிபி/4. 365 என்பது ஒரு சிலிண்டரின் கொள்ளளவு, சிசி கணக்கில்; 4 என்பது இன்ஜின் வால்வுகளைத் திறந்து மூடும் தண்டான கேம்ஷாஃப்ட்டின் எண்ணிக்கை. "டேடோனா" ஒட்டிக்கொண்ட பெயர், 1967 டேடோனா 24 மணி நேரப் பந்தயத்தில் ஃபெராரி முதல் மூன்று இடங்களையும் பிடித்ததால் வந்தது. 4.4 லிட்டர் வி12, பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்க ஆறு வெபர் கார்புரேட்டர், 352 குதிரைத்திறன், 280 கி.மீ. வேகம். கியர்பாக்ஸ் பின்னால், நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன். பினின்ஃபரினா வடிவமைப்பு கம்பெனியிலிருந்த லியோனார்டோ ஃபியோரவாந்தி போட்ட வடிவம். அதற்கு இரண்டு வருஷம் முன்பே லம்போர்கினி தன் மியூரா காரில் இன்ஜினை ஓட்டுநருக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்து உலகத்தை வாய்பிளக்க வைத்திருந்தது, ஆனாலும் ஃபெராரி முன் இன்ஜினை விடவில்லை. பழைய பாணி என்று சிலர் முகம் சுளித்தார்கள். ஓட்டியவர்கள் சுளிக்கவில்லை.

குறை எங்கே என்றால், பவர் ஸ்டியரிங் இல்லை. வேகம் பிடித்துவிட்டால் ஸ்டியரிங் தெளிவாக, நேராகப் பேசும் என்பார்கள். பார்க்கிங்கில் திருப்ப ஜிம்முக்குப் போன கை வேண்டும். கிளட்சும் கனம். நேப்பிள்ஸ் ஊருக்குள் நுழைந்த பிறகு கடைசி ஐந்து கிலோமீட்டரை நினைத்துப் பாருங்கள். இரண்டே இருக்கை, பின்னால் பெட்டி வைக்கக் கொஞ்சம் மேடை, டிக்கியில் மிச்சம். பந்தயக்காரன் டை கட்டிக்கொண்டு விருந்துக்கு வந்ததுபோல இருக்கும், தோள் அகலம் சட்டைக்குள் அடங்காது.

என் கட்சிக்கு எதிரான சாட்சியையும் நானே சொல்லிவிடுகிறேன். 1971 நவம்பரில் அமெரிக்காவில் நியூயார்க்கிலிருந்து கலிபோர்னியா கடற்கரை வரை யார் முதலில் போவது என்று சட்டத்துக்குப் புறம்பாக ஒரு ஓட்டம் நடந்தது. அதில் டான் கர்னியும் பிராக் யேட்ஸும் ஒரு டேடோனாவில் 35 மணி 54 நிமிஷத்தில் நாட்டைக் குறுக்கே கடந்து ஜெயித்தார்கள். இதைவிட நெடும்பயணம் உண்டா என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் கர்னி ஃபார்முலா ஒன்னில் ஜெயித்தவர், லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் ஜெயித்தவர். அவர் கைக்கு லேசாக இருந்தது மிலான் வியாபாரி கைக்கும் லேசாக இருக்குமா?

கிப்ளி. லிபியாப் பாலைவனக் காற்றின் பெயர். 1966 டூரின் கண்காட்சியில் காட்டினார்கள், வடிவமைப்பாளர் ஜுஜாரோ கியா கம்பெனியில் இருந்தபோது வரைந்தது. மூன்றில் அழகு எது என்று கேட்டால் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். மூக்கு அவ்வளவு தாழ்வாக இருக்கக் காரணம் இன்ஜின் அடியில் வழக்கமான ஆயில் தொட்டி இல்லாதது. டிரை சம்ப் முறையில் ஆயிலைத் தனியாக வேறிடத்தில் வைத்து இன்ஜினைக் கீழே இறக்கிவிட்டார்கள். 4.7 லிட்டர் வி8, பந்தயத்துக்குச் செய்த 450எஸ் காரின் வம்சம். வி12இன் கீச்சுக் குரல் கிடையாது. கீழேயிருந்தே இழுக்கும், அடிக்கடி கியர் மாற்ற வேண்டாம், இது மலைச்சுரங்கத்துக்குள் லாரிகளைத் தாண்டும்போது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது நெடுஞ்சாலை ஓட்டியவர்களுக்குத் தெரியும். இரண்டு பெட்ரோல் டேங்க், பக்கத்துக்கு ஒரு மூடி. தாகம் அதிகமுள்ள இன்ஜினுக்கு அது தேவையும்கூட.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், இவ்வளவு விலையுயர்ந்த காரின் பின்னால் இருப்பது லீஃப் ஸ்பிரிங்கும் ஒரே கட்டையான அச்சும். நம் ஊர் அம்பாசடருக்குப் பின்னால் இருந்த அதே வகை. பத்திரிகைக்காரர்கள் அப்போதே இதைக் குத்திக்காட்டினார்கள். வழவழப்பான நெடுஞ்சாலையில் ஒன்றும் தெரியாது, மேடு பள்ளமான கிராமச் சாலையில் டேடோனா இதைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். மசராட்டிக்கு அதைப்பற்றிக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை. பந்தயத்தை விட்டாயிற்று, யாரிடம் நிரூபிக்க? பழைய பெருமை மட்டும் பெயர்களில் இருந்தது. 1969இல் வந்த அவர்களுடைய நான்கு இருக்கை காருக்கு "இண்டி" என்று வைத்தார்கள், 1939, 1940இல் இண்டியானாபொலிஸில் மசராட்டி ஜெயித்த நினைவாக. முப்பது வருஷத்துக்கு முந்தைய கோப்பையைக் கூடத்தில் வைத்திருக்கிற வீடு மாதிரி.

எஸ்படா 1968 ஜெனீவாவில் வந்தது. பெர்த்தோனே வடிவமைப்பு கம்பெனியின் மார்செல்லோ காந்தினி போட்ட வடிவம். உயரம் ஏறக்குறைய 1.2 மீட்டர்தான், ஆனால் பெரியவர்கள் நான்கு பேர் நிஜமாகவே உட்காரலாம். பின் இருக்கையைப் பெயருக்கு வைத்துவிட்டு "2+2" என்று சொல்லிக்கொள்ளும் வழக்கம் இந்த உலகத்தில் ரொம்ப சகஜம், குழந்தைகூடக் காலை மடக்கித்தான் உட்கார வேண்டும். எஸ்படாவில் அந்தப் பித்தலாட்டம் இல்லை. முன்னால் மியூராவில் இருந்த அதே 3.9 லிட்டர் வி12 குடும்பம், 325 குதிரைத்திறனில் தொடங்கிப் பிறகு 350. நான்கு சக்கரத்துக்கும் தனி சஸ்பென்ஷன். பின்பக்கம் விளக்குகளுக்கு நடுவே செங்குத்தாக ஒரு கண்ணாடி, ரிவர்ஸ் எடுக்கும்போது அதன் வழியாகப் பார்க்கலாம். பின்னாளில் பவர் ஸ்டியரிங், 1974இலிருந்து விருப்பப்பட்டால் ஆட்டோமேட்டிக் கியர். வேகம் மூன்றில் குறைவு, 250 கி.மீ. பக்கம். அந்த வேகம் போதாது என்று சொல்கிறவரோடு காரில் ஏற எனக்கு விருப்பமில்லை.

அழகா? வாதம் பண்ணலாம். பக்கவாட்டில் பார்த்தால் இஸ்திரிப் பெட்டி மாதிரி ஒரு நீளம். பழகப் பழகப் பிடிக்கும் ரகம். லம்போர்கினி அதை 1978 வரை விடாமல் செய்தது, மொத்தம் 1,200க்குச் சற்று மேல். 1973 எண்ணெய் நெருக்கடி இந்த வகைக் கார்களின் கழுத்தைப் பிடித்த காலத்திலும் எஸ்படா ஓடிக்கொண்டிருந்தது. டேடோனாவும் கிப்ளியும் 1973 வாக்கிலேயே முடிந்துபோயின.

நியாயமாக ஒப்பிட வேண்டுமென்றால் எஸ்படாவுக்கு எதிரே ஃபெராரியின் 365 ஜிடி 2+2வைத்தான் நிறுத்த வேண்டும் என்று சிலர் சொல்லலாம். பவர் ஸ்டியரிங், சுமை ஏறினாலும் பின்பக்கம் தாழாமல் தானே சமன் செய்துகொள்ளும் சஸ்பென்ஷன் எல்லாம் அதில் உண்டு. ஒத்துக்கொள்கிறேன். அதைவிட என் வாதத்துக்கு நல்ல சாட்சி வேறு வேண்டாம்: வாடிக்கையாளரை மனசில் வைத்து ஃபெராரி செய்த கார் அது. யாரும் அதன் படத்தைச் சுவரில் ஒட்டவில்லை, டேடோனாவைத்தான் ஒட்டினார்கள்.

ஐசோ கிரிஃபோவையும் சொல்லாமல் விட முடியவில்லை. மிலானுக்குப் பக்கத்தில் பிரெஸ்ஸோவில் குளிர்பதனப் பெட்டியும் இசெட்டா என்ற முட்டை வடிவக் குட்டிக் காரும் செய்துகொண்டிருந்த ரென்ஸோ ரிவோல்டாவின் கம்பெனி. ஜுஜாரோ வடிவத்துக்குள் அமெரிக்கக் கார்வெட்டின் வி8. எந்த அமெரிக்க மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு ரிப்பேர் செய்துவிடுவார். புத்திசாலித்தனமான தேர்வு, ஆனால் இத்தாலிய கார் வாங்குகிறவர் புத்திசாலித்தனத்துக்காகவா வாங்குகிறார்? நானூறு சொச்சம் செய்தார்கள், 1974இல் கம்பெனியே முடிந்தது.

இன்றைய ஏலங்களில் இந்த மூன்றில் டேடோனா விலை உச்சத்தில், கிப்ளி அதற்கு ரொம்பக் கீழே, எஸ்படா பெரும்பாலும் கடைசி. சந்தை பந்தய வாசனைக்குத்தான் பணம் கொடுக்கிறது. என்னிடம் யாராவது மூன்று சாவியையும் நீட்டினால், தனியாக இருந்து, விடியற்காலையில், கையில் வேலை எதுவும் இல்லாவிட்டால் டேடோனா. இரண்டு பேர், இரண்டு பெட்டி, நேப்பிள்ஸில் இரவுச் சாப்பாட்டுக்கு நல்ல இடம் பதிவு செய்திருந்தால் கிப்ளி, அதுதான் எனக்குப் பிடித்ததும். வீட்டில் நான்கு பேர் இருக்கிறோம், ஆகவே நடைமுறையில் எஸ்படா. ஆறு வெபர் கார்புரேட்டரையும் ஒரே சுதிக்குக் கொண்டுவரத் தெரிந்த ஆளையும் பின் இருக்கையில் ஏற்றிக்கொள்ளலாம், இடம் இருக்கிறது.