இஸ்விர், சிர்சே, எஸ்.ஐ.ஆர்.: எந்தச் சங்கத்தில் சேர்வது?

ரேடியாலஜி முடித்துவிட்டு இன்டர்வென்ஷன் பக்கம், அதாவது ஸ்கேன் படம் பார்த்தபடியே ஊசி, மெல்லிய குழாய் வழியாகச் சிகிச்சை செய்யும் பக்கம், வரும் இளம் டாக்டர்கள் தவறாமல் கேட்பது இது: "சார், எந்த சொசைட்டியில மெம்பர் ஆகலாம்?" இந்தியாவின் இஸ்விர், ஐரோப்பாவின் சிர்சே, அமெரிக்காவின் எஸ்.ஐ.ஆர்., மூன்றிலும் பணம் கட்டிவிடு என்று சொல்வது சுலபம். ஆனால் ஒன்றுக்கு டாலர், இன்னொன்றுக்கு யூரோ. டி.எம். என்ற உயர் சிறப்புப் படிப்பு படிக்கிறவருடைய மாதச் சம்பளத்துக்கு இரண்டுமே கொஞ்சம் கடிக்கும். எது எதற்கு உதவும் என்று பார்த்துவிட்டுப் பர்ஸைத் திறப்பது நல்லது.

முதலில் அமெரிக்காவின் எஸ்.ஐ.ஆர். 1964-ல் போர்ட்லண்டில் சார்லஸ் டாட்டர் என்ற ரேடியாலஜிஸ்ட், அழுகத் தொடங்கிய காலை எடுக்க மறுத்த 82 வயதுப் பெண்மணிக்கு, கதீட்டர் என்ற மெல்லிய குழாயைச் செலுத்தியே தொடை ரத்தக்குழாயின் அடைப்பை விரித்துவிட்டார். கால் தப்பியது. 1977-ல் சூரிச்சில் கிரன்ட்சிக் அதே யோசனையைப் பலூனாக்கி இதய ரத்தக்குழாய்க்குக் கொண்டுபோனார். அப்புறம் நடந்தது நமக்கெல்லாம் தெரியும்: இதயம் முழுக்க கார்டியாலஜிஸ்டுகள் கைக்குப் போய்விட்டது. சங்கத்தின் பெயர்ப்பலகையிலும் இந்தக் கதை தெரிகிறது. 1973-ல் தொடங்கியபோது 'கார்டியோவாஸ்குலர் ரேடியாலஜி' சங்கம். 1983-ல் 'இன்டர்வென்ஷனல்' சேர்ந்தது. 2002-ல் 'கார்டியோவாஸ்குலர்' கழன்று விழுந்தது.

ஒருமுறை நிலத்தைப் பறிகொடுத்தவர்கள் என்பதாலோ என்னவோ, மீதியைக் காப்பதில் எஸ்.ஐ.ஆர். காட்டும் முனைப்பு அலாதி. எந்தச் சிகிச்சைக்கு என்ன பில்லிங் கோடு, அரசுக் காப்பீடான மெடிகேர் அதற்கு எவ்வளவு தரும் என்பதற்காக வருடம் முழுக்க மல்லுக்கட்டும். 2012-ல் இன்டர்வென்ஷனல் ரேடியாலஜி அங்கே தனி மருத்துவத் துறையாக அங்கீகாரம் பெற்றதில் இந்தச் சங்கத்தின் உழைப்பு நிறைய. எல்லாம் பெரிய விஷயம்தான். ஆனால் மதுரையில் கேத் லேப் (கதீட்டர் சிகிச்சைக் கூடம்) வைத்திருப்பவருக்கு மெடிகேர் கட்டணத்தால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

நமக்குப் பயன்படுவது அவர்களுடைய வழிகாட்டுதல்கள். 2019-ல் வந்த ரத்தக்கசிவு வழிகாட்டுதலை எடுத்துக்கொள்ளுங்கள். ராத்திரி வார்டிலிருந்து போன் வரும்: சிரோசிஸ் (ஈரல் கெட்ட) நோயாளி, வயிற்றில் நீர், ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். 1.9, "எஃப்.எஃப்.பி. ரெண்டு பை போட்டுட்டு அனுப்பட்டுமா சார்?" ரத்தம் உறைய உதவும் பிளாஸ்மாவைத்தான் சொல்கிறார்கள். வேண்டாம். வயிற்று நீர் எடுப்பது ரத்தக்கசிவு ஆபத்து குறைந்த வேலை. அதற்கு வழக்கமாக ஐ.என்.ஆர். பார்க்கவே தேவையில்லை என்கிறது அந்த ஆவணம். ஆபத்து அதிகமான வேலைகளுக்கு, அதாவது பித்தக்குழாய்க்குள் போவது, சிறுநீரகத்தில் டியூப் வைப்பது போன்றவற்றுக்கு, ஐ.என்.ஆர். 1.5 முதல் 1.8-க்குள், பிளேட்லெட் 50,000-க்கு மேல். ஈரல் கெட்டவர்களுக்கு அதிலும் தளர்வு உண்டு: ஐ.என்.ஆர். 2.5-க்குள் இருந்தால் போதும், பிளேட்லெட் 30,000-க்கு மேல். எத்தனை பை பிளாஸ்மா மிச்சமாகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். இதைப் படிக்க உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை. அதோடு, இந்த ஆவணத்துக்கு ஐரோப்பியச் சங்கமும் ஒப்புதல் தந்திருக்கிறது. எனவே இந்த ஒரு விஷயத்தில் போட்டியே கிடையாது.

அந்த ஐரோப்பியச் சங்கம்தான் சிர்சே. தலைமையகம் வியன்னா. அதன் குணம் வேறு. ஐரோப்பாவில் நாட்டுக்கு நாடு சட்டம் மாறும், கட்டணம் மாறும், பயிற்சிக் காலமும் மாறும். எல்லோருக்கும் சேர்த்து ஒரு அரசாங்கக் கதவைத் தட்ட முடியாது. அதனால் சிர்சே தரத்தைப் பிடித்துக்கொண்டது: பொதுவான பாடத்திட்டம், பொதுவான தேர்வு. 2010-லிருந்து நடக்கும் இ.பி.ஐ.ஆர். தேர்வை ஐரோப்பாவுக்கு வெளியே இருப்பவர்களும் எழுதலாம். பாஸ் செய்தால் எந்த நாட்டிலும் தொழில் செய்யும் உரிமை வந்துவிடாது, அந்த மயக்கம் வேண்டாம். ஆனால் வளைகுடாவிலோ இங்கிலாந்திலோ வேலைக்கு விண்ணப்பிக்கும்போது, உங்களைத் தெரியாதவர் கையில் உங்கள் பயோடேட்டா போகிறது. அங்கே அது பேசும்.

சிர்சேயின் இன்னொரு நல்ல வேலை 2017-ல் வந்த சிக்கல் தரவரிசை, அதாவது சிகிச்சையில் வரும் சிக்கல் எவ்வளவு தீவிரம் என்று எண் போடும் முறை. அதே வருடம் எஸ்.ஐ.ஆரும் தன் பங்குக்கு ஒன்று வெளியிட்டது. ஒரு உதாரணத்தில் இரண்டையும் வைத்துப் பார்க்கலாம். காலையில் வந்து மாலையில் வீடு திரும்ப வேண்டியவர். தொடையில் குத்திய இடத்தில் ரத்தம் கட்டிவிட்டது. ராத்திரி தங்கவைத்துப் பார்த்து, மறுநாள் அனுப்பிவிட்டீர்கள். சிர்சே கணக்கில் இது இரண்டாம் நிலை: 48 மணி நேரத்துக்குள் முடிந்த கண்காணிப்பு, பின்விளைவு இல்லை. எஸ்.ஐ.ஆர். கணக்கில் 'மிதமானது'. ஆனால் அங்கே பராமரிப்பு எவ்வளவு கூடியது, இந்தச் சிகிச்சைக்கு இது வழக்கமா என்றெல்லாம் யோசித்துத்தான் அந்த முடிவுக்கு வர வேண்டும். மாதாந்தர ஆடிட் கூட்டத்தில் நாலு பேர் நாலு விதமாக யோசிப்பார்கள். கடிகாரத்தைப் பார்த்து எண் போடும் சிர்சே முறைதான் எனக்குப் பிடித்தது. சிகிச்சைக்கு முன் பார்க்க 2012-ல் அவர்கள் தந்த செக்லிஸ்டும் அப்படியே. ஒப்புதல் கையெழுத்து, கான்ட்ராஸ்ட் (படத்தில் ரத்தக்குழாய் தெரியச் செலுத்தும் மருந்து) அலர்ஜி, ரத்தம் உறையாமைக்கான மாத்திரையை நிறுத்தியாயிற்றா என்று ஒரே தாளில் வரிசையாக டிக் அடித்துக்கொண்டு போகலாம்.

சரி, நம்ம ஊர் இஸ்விர்? பளபளப்பில் மற்ற இரண்டுக்கும் பக்கத்தில் நிற்காது. 2017-ல் தொடங்கிய அதன் ஜர்னல், அமெரிக்க ஜர்னல் 1990-லிருந்து சேர்த்த பெயருக்கு இன்னும் வெகுதூரம் போக வேண்டும். தேர்வு என்று வந்தாலும் சிர்சேக்கு ஈடில்லை. ஆனால் கேத் லேப் லைசென்ஸ் தருவது மும்பையில் இருக்கும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். டி.எம். இடங்களுக்கு அனுமதி தருவது தேசிய மருத்துவ ஆணையம். எம்போலைசேஷனுக்கு (ரத்தக்குழாயை உள்ளிருந்தே அடைக்கும் சிகிச்சைக்கு) காப்பீட்டில் எவ்வளவு என்று எழுதுவது அரசு. இந்தக் கதவுகளை வியன்னாவிலிருந்து யாரும் வந்து தட்டமாட்டார்கள். எஸ்.ஐ.ஆர். அமெரிக்காவில் செய்ததை இங்கே செய்ய இஸ்விர் ஒன்றுதான் இருக்கிறது. கர்ப்பப்பைக் கட்டிக்கு எம்போலைசேஷன் என்று ஒரு வழி இருப்பதே தெரியாமல் கர்ப்பப்பையை எடுத்துவிட்டுப் போகும் பெண்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் காதுக்குச் செய்தி போகும் அளவுக்கு இஸ்விர் குரல் கொடுத்திருக்கிறதா என்றால், போதாது என்பேன். அதற்காக வெளியே நின்று குறை சொல்வதைவிட, உள்ளே போய்க் கேட்பது மேல்.

ஆகவே முதல் பணம் இஸ்விருக்கு. மாநாட்டில் பின் வரிசையில் உட்கார்ந்து டீ குடிக்கும் நேரத்தில்கூட, எந்த ஊரில் எந்த டீலர் மைக்ரோகதீட்டரை என்ன விலைக்குத் தருகிறார் என்பது தெரிந்துவிடும். வெளிநாட்டுச் சஞ்சிகை எதிலும் அது வராது.

வெளிநாடு போகும் எண்ணமோ, தன் தரத்தை வெளியார் அளந்து சொல்ல வேண்டும் என்ற ஆசையோ இருந்தால், பயிற்சியின் கடைசி வருடத்தில் சிர்சே. எஸ்.ஐ.ஆருக்குப் பணம் கட்டுவது அமெரிக்காவில் ஃபெலோஷிப் கிடைத்தவர்களுக்கு மட்டும் போதும். மற்றவர்கள் வழிகாட்டுதல்களைப் படித்தால் போதும்.

இ.பி.ஐ.ஆர். எழுத நினைப்பவர்களுக்கு ஒன்று. விண்ணப்பத்தோடு செய்த கேஸ்களின் பதிவேட்டையும் கேட்பார்கள். கடைசி நேரத்தில் பழைய ரிஜிஸ்டரைத் தேடி ரெக்கார்ட் ரூமில் தூசி தட்ட வேண்டாம். இன்றைக்கே ஒரு எக்செல் ஷீட் திறந்து, ஒவ்வொரு கேஸுக்கும் பக்கத்தில் சிர்சே நிலை எண்ணையும் போட்டு வையுங்கள்.