கோத்தகிரிக் கல்சுவருக்குள் பெக்ஸ் குழாய்

கோத்தகிரியில் உள்ள எங்கள் பழைய கல்வீட்டில், கீசரிலிருந்து குளியலறைக்கும் சமையலறைக்கும் 16 மி.மீ. பெக்ஸ் குழாய் பதித்திருக்கிறோம். குறுக்குப் பிணைப்புள்ள பாலிஎத்திலீனால் ஆன இக்குழாய் சுருளாக வருவதால், இடையில் எல்போவோ கப்ளிங்கோ இல்லாமல் ஒரே நீளமாகக் கொண்டுசெல்ல முடிகிறது. சுவருக்குள் இணைப்பே இல்லையென்றால், பின்னாளில் கசிவைத் தேடிச் சுவரை உடைக்கும் வேலையும் பெரும்பாலும் மிச்சம்.

வளைப்பதில்தான் கவனம் வேண்டும். வளைவின் ஆரம் பொதுவாக வெளிவிட்டத்தின் எட்டு மடங்குக்கு, அதாவது ஏறத்தாழ 13 செ.மீ.க்குக் குறையக் கூடாது என்பதால், தடித்த சுவரில் துளையிட்டு அதன் வாயிலேயே மடக்கினால் குழாய் ஒடுங்கி மடிந்துவிடும். எங்கள் பிளம்பர் துளையின் இரு விளிம்புகளையும் உளியால் சரித்து, பெரிய பி.வி.சி. குழாய்த் துண்டொன்றை உறையாகச் செருகி, ஒரு பக்கம் ஒருவர் தள்ள மறுபக்கம் ஒருவர் இழுக்க, முறுக்கு விழாமல் நிதானமாகக் கடத்தினார். மலைக்குளிரில் சுருள் விறைத்துக்கொள்கிறது. சற்று நேரம் வெயிலில் விரித்துப்போட்டதும் இளகியது. நாள்கணக்கில் வெயிலில் கிடக்கவிடலாகாது, புறஊதாக் கதிர் இதற்குப் பகை.

குறை ஒன்று உண்டு: முனைகளுக்கான பித்தளை இணைப்பிகள் உள்ளூர்க் கடைகளில் கிடைக்காமல் கோவையிலிருந்து வரவழைக்க வேண்டியதாயிற்று, விலையும் சற்று அதிகம்தான்.