இரவுத் துணை: ஒன்பது சபைகள் கூடி நடத்தும் ஒரு சேவையின் மதிப்பீடு

என் தந்தை 2024 ஜனவரியில் பக்கவாதத்தால் படுக்கையில் விழுந்தார். வலப்பக்கம் முழுவதும் செயலிழந்தது, பேச்சும் போயிற்று. ஆனால் கேட்பதும் புரிந்துகொள்வதும் கடைசிவரை குறையவில்லை. பகலில் நானும் என் தாயாரும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டோம். எங்களால் தாங்க முடியாமல் போனது இரவுதான். தானாகப் புரள முடியாதவரை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைக்காவிட்டால் குதிகாலிலும் இடுப்பெலும்பிலும் வால் எலும்பின் மேலும் புண் வந்துவிடும் என்பதால், ஆறு வாரங்களாக எங்கள் வீட்டில் எவரும் தொடர்ந்து மூன்று மணி நேரம் உறங்கியதில்லை. அந்த நிலையில்தான் எங்கள் பகுதியிலுள்ள கிறிஸ்தவ சபைகள் கூடி நடத்தும் இரவுத் துணைச் சேவைக்கு விண்ணப்பித்தேன். அந்தப் பிப்ரவரி இறுதியிலிருந்து தந்தை காலமான 2025 ஜூன் வரை அதைப் பயன்படுத்தினோம். இத்தகைய சேவையை நாடலாமா என்று தயங்குவோருக்கும், தங்கள் பகுதியில் ஒன்றைத் தொடங்க எண்ணும் சபையாருக்கும் உதவும் என்று நம்பி இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

கத்தோலிக்கப் பங்கு ஒன்று, ஆர்த்தடாக்ஸ் சபை ஒன்று, ஆங்கிலிக்கன், லுத்தரன், மெதடிஸ்ட், பாப்டிஸ்ட் சபைகள் ஒவ்வொன்று, பெந்தெகொஸ்தே சபைகள் மூன்று என ஒன்பது சபைகள் இதில் சேர்ந்துள்ளன. வாரத்தில் மூன்று இரவுகள், இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை, இரண்டு தொண்டர்கள் வீட்டுக்கு வந்து நோயாளியின் அருகில் இருப்பார்கள். எங்களுக்குக் கிடைத்தவை செவ்வாய், வியாழன், சனி. கட்டணம் கிடையாது, காணிக்கையும் வாங்குவதில்லை. கிறிஸ்தவர் அல்லாதவர்களும் விண்ணப்பிக்கலாம். தொண்டர்கள் ஊசி போடுவதில்லை, சிறுநீர்க் குழாயை மாற்றுவதில்லை. பக்கம் மாற்றுவது, எழுதி வைத்த மருந்தை உரிய நேரத்தில் கொடுப்பது, தண்ணீர் புகட்டிய பிறகு அரை மணி நேரம் சாய்த்து உட்காரவைப்பது, மூச்சில் மாற்றம் தெரிந்தால் வீட்டாரை எழுப்புவது ஆகியவையே அவர்கள் வேலை. இதற்கென்று ஒரு செவிலியரிடம் இரண்டு நாள் பயிற்சி பெற்றே வருகிறார்கள். அந்தப் பயிற்சி வீண்போகவில்லை. பதினாறு மாதங்களில் என் தந்தைக்கு ஒரு படுக்கைப்புண்கூட வரவில்லை என்பதைவிடப் பெரிய சான்று இந்தச் சேவைக்கு வேண்டியதில்லை.

இதன் அமைப்பில் என்னை மிகவும் கவர்ந்தது ஓர் எளிய விதி. ஒரே சபையைச் சேர்ந்த இருவரை ஒரே இரவுக்கு அனுப்புவதில்லை. அடையாள அட்டையில் பெயர் மட்டுமே இருக்கும், சபையின் பெயர் இராது. முதலில் இதை ஒரு சம்பிரதாயம் என்றே நினைத்தேன். ஆனால், எட்டு மணி நேரம் ஓர் அறையில் விழித்திருக்கும் இருவர், அதுவும் ஒரு கனத்த உடலைச் சேர்ந்து தூக்கித் திருப்ப வேண்டிய இருவர், ஒருவரையொருவர் அறியாமல் இருக்க முடியாது. ஓர் உடலைப் பக்கம் மாற்ற ஒருவர் தோளையும் மற்றவர் இடுப்பையும் பிடித்து ஒரே எண்ணிக்கையில் அசைக்க வேண்டும். எண்ணிக்கை பிசகினால் நோயாளிக்கு வலிக்கும். ஆண்டுதோறும் ஜனவரி 18 முதல் 25 வரை நடக்கும் கிறிஸ்தவ ஒற்றுமைக்கான செப வாரத்தில் பல ஆண்டுகள் கலந்துகொண்டவன் நான். அந்தக் கூட்டங்களில் அருகருகே அமர்ந்தவர்களின் பெயர்கள் இன்று எனக்கு நினைவில்லை. இங்கே வந்தவர்களின் காலடி ஓசையே எனக்குத் தெரியும்.

கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பேடு இருக்கும். வந்தவர்கள் இரவில் நடந்ததை அதில் எழுதிவிட்டுப் போக வேண்டும். தொடக்கத்தில் அந்தப் பக்கங்களைப் பார்த்தாலே யார் எந்தச் சபை என்று ஊகித்துவிடலாம். ஒருவர் பக்கத்தின் தலையில் சிறிய சிலுவை வரைவார். ஒருவர் வசன எண் எழுதுவார். இன்னொருவர் அன்றைய புனிதரின் பெயரைக் குறிப்பார். மெல்ல மெல்ல அவை சுருங்கி, செய்திகள் நீண்டன. “2.10: இடப்பக்கம். குதிகால் சற்றுச் சிவந்திருக்கிறது, தலையணையை மாற்றி வைத்தோம். 4.15: வலப்பக்கம். சிவப்பு மறைந்துவிட்டது. ஐயா கையை அழுத்தினார்.” இப்படி நான்கு குறிப்பேடுகள் நிறைந்தன. அடையாளங்களைக் கைவிடச் சொல்லி எவரும் உத்தரவிடவில்லை. அடுத்த இரவு வருபவருக்கு என்ன தெரிய வேண்டும் என்பதே எழுதுகிறவரின் கவலையாகிவிட்டது.

இனிக் குறைகளுக்கு வருகிறேன். முதலாவது, எங்களைக் காயப்படுத்தியது. மூன்றாம் மாதத்தில் ஓர் இரவு, குழந்தைப் பருவத்தில் பெற்ற திருமுழுக்கு, அதாவது ஞானஸ்நானம், செல்லாது என்றும், இன்னும் காலம் இருக்கிறது என்றும் ஒரு தொண்டர் என் தந்தையிடம் மெல்லிய குரலில் நெடுநேரம் பேசியிருக்கிறார். பதில் சொல்ல வாய் இல்லாத மனிதர் அவர். காலையில் அவர் கண்ணோரத்தில் நீர் காய்ந்திருந்தது; நடந்ததை உடன் வந்த மற்றத் தொண்டரே என்னிடம் வருத்தத்துடன் சொன்னார். நான் சேவையையே நிறுத்திவிடும் கோபத்தில் ஒருங்கிணைப்பாளரை அழைத்தேன். அன்று மாலையே அவரும், அந்தத் தொண்டரின் சபைப் போதகரும் வீட்டுக்கு வந்தார்கள். போதகர் தம் சபையின் கோட்பாட்டை மறைக்கவோ மழுப்பவோ இல்லை. விசுவாசித்த பிறகு பெறுவதே ஞானஸ்நானம் என்றுதான் தாமும் நம்புவதாகவும், ஆயினும் இந்தக் கட்டிலுக்குத் தம் ஆட்களை அனுப்பியது அதைப் பேசுவதற்காக அல்ல என்றும், தந்தையின் இடக்கையைப் பிடித்துக்கொண்டு அவரிடமே சொல்லி மன்னிப்புக் கேட்டார். என்னிடம் அல்ல, அவரிடம் கேட்டார் என்பதை நான் மறக்கமாட்டேன். தொண்டரைத் துரத்தவில்லை, மூன்று மாதம் விலக்கி வைத்து மீண்டும் பயிற்சிக்கு அனுப்பினார்கள். நோயாளியின் சபை நம்பிக்கையைப் பற்றி வாதிடக் கூடாது, கேட்டாலன்றிச் செபிக்கக் கூடாது என்ற விதி அதன் பிறகே எழுத்தில் வந்தது. இது முதல் நாளிலிருந்தே இருந்திருக்க வேண்டும்.

1925இல் சுவீடனின் ஸ்டாக்ஹோமில் பேராயர் நாதன் சோடர்ப்ளோம், சபைகள் சமூகப் பணியில் ஒன்றுசேர்வதற்காகக் கூட்டிய ‘வாழ்வும் பணியும்’ மாநாட்டுக் காலத்தில், கோட்பாடு பிரிக்கும், பணி இணைக்கும் என்ற கருத்து ஒரு முழக்கமாகவே புழங்கியது. அதை நானும் நம்பியிருந்தேன். பதினாறு மாத அனுபவத்துக்குப் பிறகு அதை அப்படியே ஏற்க என்னால் இயலவில்லை. பணியும் பிரிக்கும், யார் செபிப்பது, யார் பெயரில் நடப்பது, யார் கணக்கில் எழுதுவது என்ற இடங்களிலெல்லாம் பிரிக்கும். எனக்கு அதைவிடப் பயனுள்ளதாகப் படுவது, 1952இல் அதே நாட்டின் லுண்ட் நகரில், சபைகளின் கோட்பாட்டு வேறுபாடுகளைப் பேசக் கூடிய ‘நம்பிக்கையும் ஒழுங்கும்’ மாநாடு சபைகளின் முன் வைத்த கேள்விதான்: ஆழ்ந்த நம்பிக்கை வேறுபாடு தனித்துச் செயல்படக் கட்டாயப்படுத்தும் காரியங்களைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் நாம் சேர்ந்தே செயல்பட வேண்டாமா? இந்தக் கேள்வி வேறுபாடு இல்லையென்று பாசாங்கு செய்யவில்லை. எல்லை எங்கே என்று கேட்கிறது. இந்தச் சேவை சிறப்பாக நடந்த இரவுகளிலெல்லாம் அந்த எல்லை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நற்கருணை என்னும் திருவிருந்து வேண்டுமென்றால் தொண்டர்கள் கொடுக்க முனைவதில்லை. நோயாளியின் சொந்தச் சபையிலிருந்து குருவோ ஆயரோ வருமாறு தகவல் சொல்வார்கள். பக்கம் மாற்றுவதற்கோ எந்தச் சபையின் அனுமதியும் தேவையில்லை.

செபத்தைப் பற்றி ஒரு சிறு செய்தி. என் தந்தை விரலால் குறி காட்டிக் கேட்டால், இருவரும் சேர்ந்து கர்த்தர் கற்பித்த செபத்தைச் சொல்வார்கள். கத்தோலிக்கர் “தீமையிலிருந்து எங்களை இரட்சித்தருளும்” என்ற இடத்தில் நிறுத்துவார். மற்றவர் “ராஜ்யமும் வல்லமையும் மகிமையும்” என்று தொடர்வார். முதல் சில வாரங்களில் அந்த இடத்தில் ஒரு தடுமாற்றம் இருந்தது. பிறகு, கத்தோலிக்கத் தொண்டர் அங்கே நிறுத்தி மௌனமாகக் காத்திருந்து, மற்றவர் முடித்ததும் அவரோடு சேர்ந்து ஆமென் சொல்லப் பழகிக்கொண்டார். அந்த மௌனத்தின்போது என் தந்தை இருவரையும் மாறி மாறிப் பார்ப்பார்.

இரண்டாவது குறை, பங்களிப்பின் ஏற்றத்தாழ்வு. பயிற்சிக்கான மண்டபமும் பணமும் இரண்டு பெரிய சபைகளிலிருந்து வருகின்றன. இரவில் விழித்திருக்கும் கைகளோ பெரும்பாலும் சிறிய சபைகளிலிருந்து, பகலெல்லாம் உடலுழைப்புச் செய்துவிட்டு வருகிறவர்களின் கைகள். ஆண்டுக் கூட்டத்தில் மேடையில் அமர்வது முந்தையவர்கள். பின்வரிசையில் கண்ணயர்வது பிந்தையவர்கள். 1910இல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில், பின்னாளில் ஆயரான வேதநாயகம் சாமுவேல் அசரியா, நீங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், நண்பர்களைத் தாருங்கள் என்று மேற்கத்திய மிஷனரிகளின் முகத்துக்கு நேரே கேட்டார். நூறாண்டு கடந்தும் அந்த விண்ணப்பம் பழையதாகவில்லை. பணம் கொடுக்கும் சபைகள் மாதம் இரண்டு பேரையாவது இரவுக்கு அனுப்ப வேண்டும். அனுப்பாத சபையின் பெயரை அறிக்கையில் முதலில் போடுவது, அனுப்பும் சபைக்குச் செய்யும் அநீதி என்றே கருதுகிறேன்.

விண்ணப்பப் படிவத்தில் ‘சபை’ என்றொரு கட்டம் இருப்பதும் தவறு. எங்கள் அண்டை வீட்டார் கிறிஸ்தவர் அல்லர். அந்தக் கட்டத்தைப் பார்த்துவிட்டுப் படிவத்தை இரண்டு மாதம் மேசையிலேயே வைத்திருந்தார்கள். கத்தோலிக்க ஆயர்களின் பேரவையான இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964 நவம்பர் 21இல் வெளியிட்ட கிறிஸ்தவ ஒன்றிப்புப் பற்றிய ஆணை, பசி, எழுத்தறியாமை, வறுமை, வீடின்மை ஆகியவற்றுக்கு எதிராகக் கிறிஸ்தவர்கள் சேர்ந்து உழைக்க வேண்டும் என்றபோது, துன்பப்படுகிறவர் எந்தச் சபை என்று கேட்கச் சொல்லவில்லை. இதை நான் இரண்டு முறை எழுதிக் கொடுத்தும் கட்டம் இன்னும் நீங்கவில்லை. தொலைபேசியைப் பகலில் மட்டுமே எடுக்கிறார்கள் என்பது மற்றொரு சிரமம்.

மூன்றாவது குறையை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அதை முன்கூட்டியே தவிர்க்க முடியும். பதினாறு மாதங்களில் தொண்டர்கள் வராமல் போன இரவுகள் ஐந்தே. அவற்றில் இரண்டு ஒரே வாரத்தில் வந்தன. மேற்கத்திய சபைகள் கிரகோரியன் நாட்காட்டியின்படியும், ஆர்த்தடாக்ஸ் சபைகளில் பெரும்பாலானவை பழைய ஜூலியன் நாட்காட்டியின்படியும் உயிர்ப்புப் பெருவிழாவை, அதாவது ஈஸ்டரை, கணிக்கின்றன. 2024இல் மேற்கத்தியருக்கு அது மார்ச் 31. ஆர்த்தடாக்ஸ் சபையாருக்கு மே 5. ஆகவே மார்ச் 31க்கு முந்திய பெரிய வியாழனன்றும் பெரிய சனியன்றும், மற்ற எட்டுச் சபையாரும் ஆலயத்தில் இருந்தபோது, எங்கள் வீட்டுக்கு ஆர்த்தடாக்ஸ் சபையிலிருந்தே இருவர் வந்தார்கள். ஒரே சபையினர் இருவர் கூடாது என்ற விதியை அந்த வாரத்துக்கு மட்டும் தளர்த்தியிருந்தார்கள். அவர்களுடைய பெரிய வாரம் வந்தபோது மற்றவர்கள் கைம்மாறு செய்தார்கள். யாரும் திட்டமிடாமலே அமைந்த இந்த ஏற்பாட்டை நான் மிகவும் மதித்தேன். 2025இல் இரு கணிப்பும் ஏப்ரல் 20 என்ற ஒரே நாளில் வந்து நின்றன. கி.பி. 325இல் ஆயர்கள் கூடிய நீசேயா சங்கத்தின் 1700ஆம் ஆண்டில் எல்லோரும் ஒரே நாளில் கொண்டாடுகிறோம் என்று ஆலயங்களெல்லாம் மகிழ்ந்தன, நானும் மகிழ்ந்தேன். ஆனால் வியாழன் இரவும் சனி இரவும் எங்கள் கதவு தட்டப்படவில்லை. இரவுப் பட்டியலை எழுதியபோது ஒவ்வொரு சபையும் மற்றச் சபை வரும் என்று எண்ணிவிட்டது. உயிர்ப்பு விழிப்பு ஆராதனையின் மணியோசை கேட்கும்போது நான் தனியாக, இடுப்பைப் பிடிக்க ஆளில்லாமல், தந்தையைத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

1997இல் சிரியாவின் அலெப்போவில் நடந்த கலந்தாய்வு, எல்லாச் சபைகளுக்கும் பொதுவான ஒரு நாளை வானியல் கணக்கின்படி வகுக்கும் வழியை முன்வைத்தது. அது நிறைவேற வேண்டும் என்பது என் உளமார்ந்த விருப்பம். ஆனால் அந்த நாள் வரும்போது, ஆலயத்துக்குப் போகாமல் கட்டிலருகில் இருப்பவர்கள் யார் என்பதையும் சபைகள் சேர்ந்து முடிவு செய்திருக்க வேண்டும்.

இக்குறைகள் அனைத்தும் உண்மையே. எனினும் இச்சேவையைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். விண்ணப்பிப்போர் நோயாளியின் மருந்துப் பட்டியலையும், செபம் வேண்டுமா வேண்டாமா என்பதையும் முதல் நாளே எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது. ‘சபை’ என்ற கட்டத்தை வெறுமையாக விடலாம். அதற்காக எவரையும் அவர்கள் மறுத்ததில்லை என்று விசாரித்து அறிந்தேன்.

தந்தையின் அடக்கத்துக்குப் பிறகு, மீதமிருந்த உறைகளையும் தலையணைகளையும் திருப்பிக் கொடுக்கப் போனேன். ஒருங்கிணைப்பாளரின் மேசையில் வரும் ஆண்டுகளின் பட்டியல் இருந்தது. இரு கணிப்பும் மீண்டும் ஒன்றுசேரும் உயிர்ப்பு ஞாயிறு 2028 ஏப்ரல் 16. அதற்கு முந்திய சனி இரவுக்கு என் பெயரை எழுதிக்கொள்ளச் சொன்னேன். உடன் வருபவரின் இடம் இன்னும் காலியாக இருக்கிறது.